டி.என்.ஏ பாடத்தை விடை சொல்லாமல் நடத்துவது எப்படி?

இந்தப் பாடத்தைக் கெடுக்க ஒரு வாக்கியம் போதும். "டி.என்.ஏ-தான் மரபுப்பொருள் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என இன்று பார்ப்போம்." அவ்வளவுதான். அதன் பிறகு பிள்ளைகளின் காதில் விழுவது மூன்று பெயர்களும் மூன்று ஆண்டுகளும் மட்டுமே. கிரிஃபித், ஏவரி, ஹெர்ஷே-சேஸ். 1928, 1944, 1952. படம் வரைந்து பாகம் குறிப்பார்கள். ஏன் இந்தச் சோதனை தேவைப்பட்டது என்று கேட்டால் மேலே பார்ப்பார்கள்.

உயிரியல் நடத்திக்கொண்டு காலம் தள்ளுகிறவன் நான். "கிரிஃபித் டி.என்.ஏ-தான் மரபுப்பொருள் என்று நிரூபித்தார்" என்ற வரியை விடைத்தாள்களில் வருடம் தவறாமல் பார்க்கிறேன். அவர் அப்படி எதையும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்கவும் முயலவில்லை. இந்த ஒரு வரியைப் பிள்ளைகள் எழுதாமல் இருக்கும்படி பாடம் நடத்த முடியுமா என்று யோசித்து யோசித்து உருவான முறைதான் கீழே இருப்பது. புதிதாக இந்தப் பாடம் எடுக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு பாடவேளையில் முடியாது, இரண்டை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கரும்பலகையில் நான்கு பெயர்களை எழுதுங்கள்: புரதம், சர்க்கரைச் சங்கிலி (அதாவது பாலிசாக்கரைடு), ஆர்.என்.ஏ, டி.என்.ஏ. கேள்வி ஒன்றுதான். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும் தகவல் இந்த நான்கில் எதில் இருக்கிறது? தெரிந்த விடையைச் சொல்லக் கூடாது, 1920-களில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். பிறகு வகுப்பில் ஒருவரைச் 'சந்தேகப் பிராணி'யாக நியமியுங்கள். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அவர் எழுந்து நின்று "இது போதாது, ஏனென்றால்..." என்று சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு அடங்காத பிள்ளைதான் சரியான ஆள்.

இப்போது நீங்கள் புரதத்தின் பக்கம் நின்று வாதாடுங்கள். மனதாரச் செய்யுங்கள், அக்காலத்து அறிஞர்கள் முட்டாள்கள் அல்லர். நொதிகள் புரதம். ஹீமோகுளோபின் புரதம். 20 வகை அமினோ அமிலங்கள், எண்ணில் அடங்காத வரிசைகள். குரோமோசோமை உடைத்தால் டி.என்.ஏ-யும் வரும், புரதமும் வரும். இந்த இரண்டில் எது புத்திசாலி என்று கேட்டால் யார் டி.என்.ஏ-வுக்குக் கை தூக்குவார்கள்?

டி.என்.ஏ அதற்குள் பழைய பொருளாகிவிட்டிருந்தது. 1869-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், ஃபிரீட்ரிக் மீஷர் என்ற இளம் சுவிஸ் மருத்துவர், அறுவைச் சிகிச்சை நிலையத்தில் கழற்றி எறிந்த கட்டுத்துணிகளிலிருந்து சீழைக் கழுவி எடுத்தார். சீழ் முழுக்க வெள்ளையணுக்கள். அவற்றின் உட்கருவிலிருந்து பாஸ்பரஸ் மிகுந்த, புரதத்தைச் செரிக்கும் பெப்சினுக்கு மசியாத ஒரு பொருள் கிடைத்தது. 'நியூக்ளின்' என்று பெயர் வைத்தார். அவருடைய ஆசான் ஹோப்பே-சைலருக்கே நம்பிக்கை வராமல், தாமே செய்து பார்த்த பிறகுதான் 1871-இல் கட்டுரையை வெளியிட அனுமதித்தார். சீழ் என்றதும் வகுப்பு முகம் சுளிக்கும். சுளிக்கட்டும், அது மறக்காது.

பின்னர் ஃபீபஸ் லெவீன் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் நியூக்ளிக் அமிலங்களின் சர்க்கரைகளை அடையாளம் கண்டார். பெரும் வேதியியலாளர். ஆனால் டி.என்.ஏ-யை ஆக்கும் துண்டுகளான நான்கு காரங்களும் சம அளவில் இருக்கின்றன, நான்கும் சேர்ந்த ஒரே துண்டுதான் திரும்பத் திரும்ப வருகிறது என்ற கருத்தும் அவரால் வலுப்பெற்றது. இதை மட்டும் பலகையில் எழுதிக் காட்டுங்கள்: கசடத கசடத கசடத கசடத. இதை வைத்துக் கடிதம் எழுத முடியுமா? முடியாது. அப்படியானால் டி.என்.ஏ-யில் தகவல் இருக்க முடியாது. அன்றைய தரவை வைத்துப் பார்த்தால் வாதத்தில் ஓட்டையே இல்லை. இங்கே முதல் வாக்கெடுப்பை நடத்துங்கள். நன்றாக வாதாடியிருந்தால் புரதம் அமோகமாக ஜெயிக்கும்.

இனி கிரிஃபித்.

ஃபிரெடரிக் கிரிஃபித் லண்டனில் சுகாதார அமைச்சகத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்த நோய்க்கிருமியியல் அறிஞர். அவர் கவலை நிமோனியா. நியூமோகாக்கஸ் கிருமியின் வகைகள் நோயாளிகளிடம் எப்படி மாறி மாறித் தென்படுகின்றன என்பதே அவருடைய கேள்வி. மரபணு பற்றிய கேள்வியே அங்கு இல்லை. கிருமியின் வழவழப்பான எஸ் வடிவத்துக்குச் சர்க்கரைச் சங்கிலியாலான உறை உண்டு. அது சுண்டெலியைக் கொல்லும். சொரசொரப்பான ஆர் வடிவத்துக்கு உறை இல்லை, எலி பிழைத்துக்கொள்ளும். எஸ்-ஐச் சூடேற்றிக் கொன்று போட்டாலும் எலி பிழைக்கும். கொல்லப்பட்ட எஸ்-ஐயும் உயிருள்ள ஆர்-ஐயும் சேர்த்துப் போட்டால் எலி சாகிறது; அதன் இரத்தத்தில் உயிருள்ள எஸ் கிடைக்கிறது.

பெரும்பாலான பாடங்கள் இங்கே நான்கு எலிப் படம் வரைந்துவிட்டு நகர்ந்துவிடும். தயவுசெய்து நகராதீர்கள். சோதனையின் உயிரே இந்தப் படங்களில் விட்டுப்போன ஒரு விவரத்தில் இருக்கிறது. சந்தேகப் பிராணியைக் கூப்பிடுங்கள். கொஞ்சம் தூண்டிவிட்டால் அவரே கேட்பார்: "ஆர் கிருமி தானாகவே பழையபடி எஸ்-ஆக மாறியிருக்கலாமே?" அருமையான கேள்வி. அது உண்மையில் நடக்கும். எஸ்-இலிருந்து வந்த ஆர், சில நேரம் எஸ்-ஆகத் திரும்பும். அதற்குத்தான் கிரிஃபித் வகைகளைக் கலந்தார். உறையின் வேதியியலை வைத்து நியூமோகாக்கஸில் பல வகைகள் உண்டு. உயிருள்ள ஆர், வகை 2-இலிருந்து வந்தது. கொல்லப்பட்ட எஸ், வகை 3. தானாகத் திரும்பியிருந்தால் எலியின் இரத்தத்தில் வகை 2 கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ வகை 3. செத்த கிருமியின் உறை! அதைப் பெற்ற கிருமியின் சந்ததிகளும் தலைமுறை தலைமுறையாக வகை 3 உறையையே கட்டின. பலகையில் ஆர், எஸ் என்று மட்டும் எழுதாமல் 'ஆர் (2)', 'எஸ் (3)' என்று எழுதுங்கள். இந்த இரண்டு எண்களை எழுத இரண்டு நொடிதான் ஆகும்.

அடுத்த சந்தேகம்: "சூட்டில் சில எஸ் சாகாமல் தப்பியிருக்கலாம்." அதற்குத்தான் கொல்லப்பட்ட எஸ்-ஐ மட்டும் போட்ட எலி. அது உயிரோடு இருக்கிறது. மூன்றாவது சந்தேகம்: "எலியின் உடம்பு ஏதோ செய்திருக்கும்." இதற்குக் கிரிஃபித்திடம் பதில் இல்லை. 1931-இல் டாசனும் சியாவும் எலியே இல்லாமல் சோதனைக் குழாயில் அதே மாற்றத்தை நிகழ்த்தினார்கள். அடுத்து அலோவே, கிருமிகளை உடைத்து வடிகட்டிய சாறே போதும் என்று காட்டினார். இப்போது கேள்வி குறுகிவிட்டது: அந்தச் சாற்றில் இருப்பது எது?

இந்தக் கட்டத்தில் கிரிஃபித் என்ன நினைத்தார் என்று யாராவது கேட்டால், அவரும் புரதத்தின் பக்கம்தான் சாய்ந்திருந்தார் என்று சொல்லுங்கள். 1941-இல் லண்டன் மீதான ஜெர்மன் குண்டுவீச்சில் அவர் இறந்துபோனார். தம் சோதனை எங்கே போய் முடிந்தது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

முதல் பாடவேளையை இங்கே நிறுத்துங்கள். வாக்கெடுப்பு எடுத்தால் சர்க்கரைச் சங்கிலிக்குக் கொஞ்சம் வாக்கு வரும். உறையே சர்க்கரைதானே, உறை உறையைப் பிறப்பித்திருக்கும் என்று சிலர் நினைப்பார்கள். நல்ல யோசனை. தவறு என்று சொல்லிவிடாதீர்கள்.

இரண்டாம் பாடவேளையை ஒரு செய்முறையோடு தொடங்கலாம். நன்றாகப் பழுத்த வாழைப்பழத் துண்டை அரைக் கோப்பைத் தண்ணீரில் மசித்துக்கொள்ளுங்கள். கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, நுரை பொங்காமல் மெதுவாகக் கலக்குங்கள். பத்து நிமிடம் விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, தெளிவான சாற்றைக் கண்ணாடிக் குழாயில் எடுங்கள். அதே அளவு குளிரவைத்த ஆல்கஹாலைக் குழாயின் ஓரமாக, சாற்றின் மேல் தனி அடுக்காக நிற்கும்படி மெல்ல ஊற்றுங்கள். ஆல்கஹால் பக்கத்தில் தீ இருக்கக் கூடாது. இரண்டு அடுக்கும் சேரும் இடத்தில் வெள்ளையாக, பஞ்சு போல் ஒன்று திரண்டு மேலெழும். கண்ணாடிக் குச்சியால் சுற்றி எடுக்கலாம்.

வகுப்பு "டி.என்.ஏ!" என்று கத்தும். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது: "எப்படித் தெரியும்?" உண்மையில் அந்தப் பஞ்சில் ஆர்.என்.ஏ-யும் இருக்கும், புரதமும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் டி.என்.ஏ இருக்கிறது என்பதையும், வேலையைச் செய்வது டி.என்.ஏ-தான் என்பதையும் எப்படிப் பிரித்துக் காட்டுவீர்கள்? ஆஸ்வால்ட் ஏவரியின் முன்னால் பல ஆண்டுகள் நின்ற கேள்வி இதுவே.

ஏவரி ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் மருத்துவமனையில் நியூமோகாக்கஸையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். அதன் உறை சர்க்கரைச் சங்கிலி என்று காட்டியதில் அவருக்கும் பங்குண்டு. கிரிஃபித்தின் முடிவைக் கேட்டதும் அவர் நம்பவில்லை. வகைகள் மாறாதவை என்பது அவர் கருத்து. நம்பாத மனிதரே கடைசியில் அதைத் தோண்டி எடுத்தார். முதலில் காலின் மக்லியோட், 1941 முதல் மக்லின் மக்கார்ட்டி என்று இருவர் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள்.

வேலை எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லுங்கள். 75 லிட்டர் கிருமி வளர்ப்பிலிருந்து கிடைத்த தூய பொருள் 10 முதல் 25 மில்லிகிராம். அவ்வளவு திரவத்திலிருந்து கிருமியைப் பிரிக்க வேகமாகச் சுழலும் சென்ட்ரிஃபியூஜ் வேண்டும். அது சுழலும்போது உயிருள்ள நிமோனியாக் கிருமியைப் பனித்துளி போல அறைக்குள் தூவும். அதனால் இயந்திரத்தை மூடிய பெட்டிக்குள் வைத்து ஓட்டினார்கள். திரட்டிய கிருமியை 65 டிகிரி செல்சியஸில் சூடேற்றினார்கள். "சூடு பட்டால் கெட்டுப்போகாதா?" என்று கேட்பார்கள். டி.என்.ஏ அந்தச் சூட்டைத் தாங்கும். டி.என்.ஏ-யைச் சிதைக்கும் கிருமியின் சொந்த நொதி தாங்காது. எனவே அந்தச் சூடு டி.என்.ஏ-க்குப் பாதுகாப்பு. கிரிஃபித்தின் செத்த கிருமிகள் வேலை செய்ததன் சூட்சுமமும் இங்கே புரிய வரும்.

பிறகு குளோரோஃபார்முடன் குலுக்கிப் புரதத்தை நீக்கினார்கள். உறைச் சர்க்கரையை அதற்கான நொதியால் செரித்தார்கள். ஆல்கஹால் சேர்த்தபோது நூல் நூலாகத் திரண்டதைக் குச்சியில் சுற்றி எடுத்தார்கள். அதன் நைட்ரஜன்-பாஸ்பரஸ் விகிதம் சராசரியாக 1.67. டி.என்.ஏ-யின் சோடியம் உப்புக்குக் கணக்குப்படி வர வேண்டியது 1.69.

இப்போது பலகையில் ஒரு பட்டியல் போடுங்கள், ஆனால் விடை நிரலைக் காலியாக விடுங்கள். அந்தப் பொருளோடு புரதத்தை வெட்டும் டிரிப்சின் சேர்த்தால்? அதே வேலையைச் செய்யும் கைமோடிரிப்சின் சேர்த்தால்? ஆர்.என்.ஏ-யை வெட்டும் ரிபோநியூக்ளியேஸ் சேர்த்தால்? டி.என்.ஏ-யைச் சிதைக்கும் நொதி சேர்த்தால்? ஒவ்வொரு பிள்ளையும் தாளில் நான்கு விடை எழுத வேண்டும், அதுவும் இரண்டு முறை: தகவல் புரதத்தில் இருந்தால் என்ன நடக்கும், டி.என்.ஏ-யில் இருந்தால் என்ன நடக்கும். இந்த இரண்டாவது முறை முக்கியம். சோதனை என்பது இரண்டு கட்சிகளும் வெவ்வேறு விடையை எதிர்பார்க்கும் இடத்தில்தான் பயன்படும் என்பது அவர்களுக்கே பிடிபடும்.

முடிவைக் கண்ணால் எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். குழாயில் ஆர் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. ஆர் கிருமிகள் கட்டிகட்டியாக ஒட்டி அடியில் படியும், மேலே திரவம் தெளிவாக இருக்கும். மாற்றம் நடந்து எஸ் பிறந்திருந்தால் குழாய் முழுக்கக் கலங்கலாகிவிடும்.

இனி நிரலை நிரப்புங்கள். முதல் மூன்றிலும் கலங்கல். நான்காவதில் தெளிவு. அப்போது டி.என்.ஏ-யை வெட்டும் நொதி தூய்மையாகக் கிடைக்கவில்லை. நாயின் குடல் சவ்வு போன்றவற்றிலிருந்து எடுத்த கலவைச் சாறுகளையே பயன்படுத்தினார்கள். அந்தச் சாறுகளைச் சூடேற்றி டி.என்.ஏ-யைச் சிதைக்கும் திறனை அழித்தால், மாற்றத்தைத் தடுக்கும் திறனும் கூடவே போயிற்று. தூய்மையாக்கிய பொருளை 60 கோடியில் ஒரு பங்காக நீர்த்தாலும் வேலை செய்தது. 1944 பிப்ரவரியில் கட்டுரை வெளிவந்தது. ஏவரிக்கு அப்போது வயது 66.

அந்தக் கட்டுரையின் முடிவுரை அடக்கமானது, மரபணு டி.என்.ஏ-தான் என்று தம்பட்டம் அடிக்கவில்லை. தன் தம்பிக்கு 1943-இல் எழுதிய கடிதத்தில் மட்டும் ஏவரி அது மரபணுவாக இருக்கலாம் என்று மனம் திறந்தார்.

இப்போது நீங்களே சந்தேகப் பிராணியாக மாறுங்கள். அதே ராக்ஃபெல்லர் நிறுவனத்திலேயே ஆல்ஃபிரட் மிர்ஸ்கி என்ற உயிர்வேதியியலாளர் இருந்தார். அவருடைய எதிர்ப்பு இதுதான்: உங்கள் 'தூய' டி.என்.ஏ-யில் ஒன்றிரண்டு சதவீதம் புரதம் ஒளிந்திருந்தால்? அதுவே கோடிக்கணக்கான மூலக்கூறு ஆயிற்றே! பிள்ளைகள் பதில் தேடட்டும். டிரிப்சின் என்பார்கள். "டிரிப்சினால் வெட்ட முடியாத புரதமும் உண்டே" என்று நீங்கள் சொல்லுங்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் இந்தச் சண்டை நடந்தால், பாடத்தின் மிகச் சிறந்த பத்து நிமிடம் அதுவாகத்தான் இருக்கும். பிறகு தகவலைக் கொடுங்கள்: மக்கார்ட்டி நொதியை மேலும் தூய்மையாக்கி அதையே காட்டினார். ராலின் ஹாட்ச்கிஸ் புரதக் கலப்பை 0.02 சதவீதம் அளவுக்குக் குறைத்தும் மாற்றம் நடந்தது. உறை மட்டுமல்லாமல் பென்சிலின் எதிர்ப்புத் திறனையும் டி.என்.ஏ-யால் கடத்திக் காட்டினார்.

கசடத கசடத என்று பலகையில் எழுதியது இன்னும் இருக்கிறதா? அதை அழிக்கும் வேலை எர்வின் சார்காஃபுடையது. ஏவரியின் கட்டுரையைப் படித்த உந்துதலில் அவர் பல உயிர்களின் டி.என்.ஏ-யைப் பகுத்தார். நான்கு காரங்களும் சம அளவில் இல்லை. உயிரினத்துக்கு உயிரினம் விகிதம் மாறுகிறது. ஆனால் அடினின் அளவும் தைமின் அளவும் ஏறத்தாழச் சமம், குவானினும் சைட்டோசினும் அப்படியே. 1950-இல் இது தெளிவாகியிருந்தது. எழுத்து வரிசை மாறலாம் என்றால் கடிதமும் எழுதலாம். இதற்கு மேல் இங்கே நேரம் செலவிட வேண்டாம், இரட்டைச் சுருள் பாடத்தில் திரும்ப வரும்.

ஹெர்ஷே-சேஸ் சோதனையில் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் எனக்கு அத்துபடி. 1952, அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம். டி2 என்ற ஃபேஜ், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். அதில் இருப்பது புரதமும் டி.என்.ஏ-யும் மட்டுமே என்று சொல்லலாம். புரதத்தில் சல்பர் உண்டு, டி.என்.ஏ-யில் கிடையாது. பாஸ்பரஸ் டி.என்.ஏ-யில் மிகுதி, ஃபேஜின் புரதத்தில் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆகவே சல்பர்-35, பாஸ்பரஸ்-32 என்ற கதிரியக்க ஐசோடோப்புகளால் புரதத்துக்கும் டி.என்.ஏ-க்கும் அடையாளம் இட்டு, அந்த ஃபேஜ்களைப் பாக்டீரியாவைத் தாக்க விட்டு, எது உள்ளே போகிறது என்று பார்த்தார்கள். முதல் தடுமாற்றம்: இரண்டையும் ஒரே குடுவையில் போடுவதாக எழுதுவார்கள். தனித்தனிக் குடுவை. இரண்டாவது: சென்ட்ரிஃபியூஜில் அடியில் எது, மேலே எது? கனமான பாக்டீரியா அடியில். கழன்ற ஃபேஜ் கூடுகள் மேலே திரவத்தில். மூன்றாவது: மிக்ஸி எதற்கு? வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் கூட்டைப் பிய்த்தெடுக்க. உண்மையிலேயே சமையலறை மிக்ஸி வகைதான், வாரிங் பிளெண்டர்.

இங்கே ஒரு கேள்வியைப் போடுங்கள்: மிக்ஸியில் போட மறந்து ஒரு மணி நேரம் விட்டால் என்ன ஆகும்? பாக்டீரியா வெடித்துப் புது ஃபேஜ்கள் வெளியே வந்துவிடும்; பாஸ்பரஸும் மேலே திரவத்துக்குப் போய்விடும். சோதனை பாழ். இந்தப் பதிலைத் தானாகச் சொல்லும் பிள்ளைக்குச் சோதனை புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முடிவுகளை எண்களாகவே எழுதுங்கள். குலுக்கியபோது சல்பரில் 75 முதல் 80 சதவீதம் கழன்றது. பாஸ்பரஸில் 21 முதல் 35 சதவீதம்தான் வெளியே வந்தது. பிறந்த ஃபேஜ்களில் பெற்றோரின் பாஸ்பரஸ் சுமார் 30 சதவீதம், சல்பர் 1 சதவீதத்துக்கும் குறைவு. பாடப் படங்களில் இருப்பது போல "சல்பர் முழுதும் வெளியே, பாஸ்பரஸ் முழுதும் உள்ளே" என்று இல்லை. அப்புறம் கேளுங்கள்: மிர்ஸ்கி ஏவரியை ஒன்றிரண்டு சதவீதப் புரதத்துக்காகக் கேள்வி கேட்டார். இங்கே ஐந்தில் ஒரு பங்கு புரதம் பாக்டீரியாவோடே தங்கிவிட்டதே, இதை மட்டும் ஏன் ஏற்றார்கள்?

என் கருத்து, ஏவரியின் சோதனையே இரண்டிலும் கூர்மையானது. ஆனால் 1952-க்குள் காற்று திசை மாறியிருந்தது. சார்காஃபின் எண்கள் வந்துவிட்டன. ஒரு இனத்தின் சாதாரண உடல் செல்களில் டி.என்.ஏ அளவு மாறாமல் இருப்பதும், விந்தணுவில் பாதியாக இருப்பதும் தெரிந்திருந்தது. ஃபேஜ் ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் நன்கு அறிந்த கூட்டம். கேட்கத் தயாரான காதுகளுக்கு மிக்ஸிச் சத்தம் போதுமானதாக இருந்தது. மறு ஆண்டே வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருளை வெளியிட்டார்கள்.

நோபல் பரிசு பற்றிக் கேட்காத வகுப்பே கிடையாது. ஏவரிக்குக் கிடைக்கவில்லை, 1955-இல் இறந்தார். ஹெர்ஷேக்கு 1969-இல் டெல்பிரூக், லூரியாவோடு சேர்ந்து கிடைத்தது. மார்த்தா சேஸின் பெயர் அதில் இல்லை. சோதனை நடந்தபோது அவருக்கு வயது இருபதுகளின் நடுவில்.

கடைசி வாக்கெடுப்பில் டி.என்.ஏ ஜெயிக்கும். உடனே வீட்டுப்பாடத்தைக் கொடுங்கள், கொண்டாட விடாதீர்கள். புகையிலைத் தேமல் வைரஸை 1935-இல் வெண்டல் ஸ்டான்லி படிகமாக்கி, அது புரதம் என்றார். அடுத்த ஆண்டு பாடனும் பிரீயும் அதில் சுமார் 6 சதவீதம் ஆர்.என்.ஏ இருப்பதைக் கண்டார்கள். டி.என்.ஏ அதில் கிடையவே கிடையாது. அதன் தகவல் எங்கே இருக்கிறது? என்ன நொதியைச் சேர்ப்பீர்கள், எந்தக் குழாயை ஒப்பீட்டுக்கு வைப்பீர்கள், புகையிலை இலையில் எதை எதிர்பார்ப்பீர்கள்? ஒரு பக்கத்துக்குள் எழுதி வரச் சொல்லுங்கள். 1956-இல் கீரரும் ஷ்ராமும் செய்ததோடு, அதாவது புரதம் நீக்கிய ஆர்.என்.ஏ-யை இலையில் தடவி நோய் வரவழைத்து, ரிபோநியூக்ளியேஸ் சேர்த்து அதை நிறுத்தியதோடு, எத்தனை தாள்கள் ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். ஒத்துப்போகாத தாள்களை முதலில் வாசியுங்கள்.